தீபாவளிக்கு யாருக்கு, என்ன, எப்போது கொடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் நாங்கள் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் தீபாவளி இனாம் வசூலித்துப் பகிர்ந்து கொடுக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. நவராத்திரி முடிந்ததும் படிக்கட்டில், லிஃப்டில், காய்கறி வண்டி அருகில் என்று பார்க்கிற இடத்திலெல்லாம் ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்பார்கள். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை எழுதி, பதில்களைச் சேர்த்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: நமக்காக உழைக்கிறவர்களுக்கும் அதே நாள்தான் தீபாவளி.

கொடுக்க வேண்டியவர்கள் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எங்கே நிறுத்துவது?

உங்கள் வீட்டுக்குள் வந்து உழைக்கிறவர்களிடமிருந்து தொடங்குங்கள். பாத்திரம் தேய்க்கிறவர், சமைக்கிறவர், கார் துடைக்கிறவர், பெரியவரைப் பார்த்துக்கொள்கிறவர். இவர்களுக்குக் கொடுப்பது போனஸ். ஆண்டு முழுவதும் செய்த வேலைக்கான பங்கு. கையில் இருக்கும் பணம் கொஞ்சம்தான் என்றால் முதலில் இவர்களுக்குப் போகட்டும்.

அடுத்து, தெருவுக்கும் குடியிருப்புக்கும் பொதுவாக உழைக்கிறவர்கள்: தூய்மைப் பணியாளர், வாட்ச்மேன், பால் போடுகிறவர், பேப்பர் போடும் பையன், தண்ணீர் கேன் தூக்கி வருகிறவர், இஸ்திரி போடுகிறவர். வீட்டுக்கு வீடு இவர்கள் கதவைத் தட்டிக் காத்திருக்க விடாமல், எல்லா வீடுகளும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தால் தொகையும் உருப்படியாக இருக்கும், மரியாதையாகவும் இருக்கும்.

பெரும்பாலோர் மறந்துவிடுவது வேறு சிலரை. துக்கம் நடந்த வீடு, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியே வாழும் முதியவர், ஊருக்குப் போக முடியாமல் விடுதியிலேயே தங்கிவிட்ட மாணவர். இவர்களுக்குப் பணம் தேவைப்படாது. ஆனால் அந்த நாளில் யாராவது ஒருவர் கதவைத் தட்ட வேண்டும்.

வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கு எவ்வளவு கொடுப்பது முறை? ஆளுக்கு ஆள் ஒரு கணக்குச் சொல்கிறார்கள்.

ஒரு மாதச் சம்பளம். போனஸ் சட்டத்தில் குறைந்தபட்ச அளவு 8.33 சதவீதம். அந்த விகிதத்தை ஒருவரின் ஆண்டுச் சம்பளத்துக்குப் பொருத்திப் பார்த்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம் வரும். வீட்டு வேலை அந்தச் சட்டத்துக்குள் வராது. சட்டம் நம்மிடம் கேட்காது என்பதாலேயே நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வேலைக்கு வந்து நான்கைந்து மாதம்தான் ஆகிறது என்றால் பாதி மாதச் சம்பளமாவது கொடுக்கலாம். மூன்று வீடுகளில் வேலை செய்கிறவராக இருந்தால், "மற்ற இரண்டு வீட்டிலும் தருவார்களே" என்று குறைக்க வேண்டாம். அந்த வீட்டினரும் அப்படியே நினைத்திருக்கக்கூடும்.

ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்கு முன்பணம் வாங்கியிருக்கிறார். அதை போனஸில் கழித்துக்கொள்ளலாமா?

வேண்டாம். முன்பணத்தை மாதாமாதம் சம்பளத்தில் கழிப்பதாகத்தான் பேசியிருப்பீர்கள். அது அப்படியே தொடரட்டும். போனஸில் பிடித்துக்கொண்டால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதுத்துணி கிடையாது. முடிந்தவர்கள் தீபாவளி மாதத் தவணையையும் ஒரு மாதம் தள்ளிப்போடலாம்.

தீபாவளி அன்று காலையில், வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்தால்தானே அழகு?

அழகுதான், ஆனால் அவருக்கு அது பயன்படாது. எனக்கு வரும் கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன். தீபாவளிச் செலவு எல்லாம் தீபாவளிக்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. தையற்காரர் பதினைந்து நாட்களுக்கு முன்பே "இனி துணி வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிடுவார். அதிரசத்துக்குப் பாகு வைத்து மாவு பிசைந்தால் இரண்டு மூன்று நாள் ஊற வேண்டும். ஊருக்குப் போகிறவர்கள் பஸ் டிக்கெட் எடுக்க வேண்டும். கடைசி நாள் மாலையில் ரங்கநாதன் தெருவுக்குள் கைக்குழந்தையோடு நுழைந்து துணி எடுக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

பணம் தாமதமானால் அவர் வட்டிக்கு வாங்கிச் செலவைச் சமாளித்துவிடுவார். பண்டிகையன்று நீங்கள் கொடுக்கும் தொகை நேராக வட்டிக்காரரிடம் போய்ச் சேரும். ஆகவே போனஸைக் குறைந்தது பதினைந்து நாள் முன்னதாகக் கொடுங்கள். தட்டில் வைத்துக் கொடுக்கும் ஆசை இருந்தால் பண்டிகைக்கு முதல் நாள் பலகாரத்தை வைத்துக் கொடுக்கலாம். சீக்கிரம் கொடுத்தால் வேலைக்கு வராமல் நின்றுவிடுவார் என்று சிலர் பயப்படுகிறார்கள். ஓர் ஆண்டு உழைத்தவரை அப்படிச் சந்தேகிப்பது சரியில்லை.

எல்லாம் சரி, தீபாவளியன்று அவருக்கு லீவு கொடுத்தால் இவ்வளவு பாத்திரத்தையும் யார் தேய்ப்பது?

நாம்தான். அன்று அவர் வீட்டிலும் விடியற்காலையில் எழுந்து, பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்து, தலைக்கு ஊற்றி, புதுத்துணிக்கு மஞ்சள் வைத்துக் கொடுக்க வேண்டும். இட்லிக்குப் பக்கத்தில் அவர் கையால் வைத்த குழம்பு இருக்க வேண்டும். "காலையில் ஒரு மணி நேரம் மட்டும் வந்துவிட்டுப் போ" என்பது கேட்கிறவருக்குச் சின்ன விஷயம். வருகிறவருக்கு அந்த ஒரு மணி நேரத்தில்தான் பண்டிகையே இருக்கிறது.

தீபாவளியும் மறுநாளும் சம்பளத்தோடு விடுமுறை என்று ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். கடைசி நிமிடம் வரை இழுத்தால் அவர் ஊருக்குப் போகும் திட்டம் போட முடியாது. வாழையிலையில் சாப்பிட்டால் தட்டுகள் மிச்சம். எண்ணெய்ச் சட்டியை ஊறவைத்துவிட்டு மாலையில் வீட்டில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து தேய்த்தால் அரை மணி நேர வேலை.

பணமாகக் கொடுப்பதா, புடவையா, ஸ்வீட் பாக்ஸா?

உழைக்கிறவர்களுக்கு முதலில் பணம். புடவை அதற்கு மேல்தான், அதற்குப் பதிலாக இல்லை. எடுத்துக் கொடுப்பதாக இருந்தால் நிறமும் வகையும் அவரே சொல்லட்டும். முடிந்தால் கடைக்கே அழைத்துப் போங்கள். கோ-ஆப்டெக்ஸில் பண்டிகைக் காலத்தில் 30 சதவீதத் தள்ளுபடி இருக்கும். நல்ல கைத்தறியும் கிடைக்கும், நெசவாளருக்கும் போய்ச் சேரும்.

ஸ்வீட் பாக்ஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாட்ச்மேனுக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பெட்டி வருகிறது. அவர் அறையில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. பால்கோவாவும் பேடாவும் இரண்டாம் நாளே புளித்துப்போகும். இனிப்புதான் என்றால் மைசூர்பாகு, லட்டு, அதிரசம் போலத் தாங்குகிற வகையாகவும், பாதிக்குப் பாதி முறுக்கு, மிக்சராகவும் கொடுங்கள். 2020 அக்டோபர் முதல் தட்டில் வைத்துச் சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்று கடைக்காரர் எழுதி வைக்க வேண்டும். வாங்கும்போது அதைப் பாருங்கள். இதைவிடவும் நல்லது, பத்து நாள் முன்பு இரண்டு லிட்டர் எண்ணெய், வெல்லம், உளுந்து, கடலை மாவு வாங்கிக் கொடுப்பது. பலகாரம் அவர் வீட்டு அடுப்பில் வேகும். பிள்ளைகளுக்கு அந்த வாசனைதான் தீபாவளி.

ஒன்றிரண்டு முறை மட்டும் கட்டிய புடவைகள், பிள்ளைக்குச் சிறியதாகிப்போன உடைகள் நிறைய இருக்கின்றன. புதிது போலவே இருக்கும். அதைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், தீபாவளிக்குக் கொடுக்காதீர்கள். ஆண்டில் ஒரு நாளாவது யாரும் உடுத்தாத துணியை உடுத்துவது என்பதுதான் இந்தப் பண்டிகை. அந்த ஒரு நாளில் நம் பிள்ளையின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, அந்தச் சட்டையை அடையாளம் காணக்கூடிய நம் பிள்ளையின் எதிரிலேயே ஒரு குழந்தை நிற்க வேண்டுமா? துவைத்து, பட்டன் தைத்து, இஸ்திரி போட்டு வேறொரு மாதத்தில், "உங்களுக்குப் பயன்படுமா?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

குப்பை எடுக்க வருகிறவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். யாரிடம் கொடுத்தாலும் இன்னொருவர் வந்து நிற்கிறார்.

தூய்மைப் பணியில் ஒப்பந்தப் பணியாளர் அதிகம், முறையும் மாறும். பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பு, தினமும் வருகிறவரிடமே கேளுங்கள்: "நம் தெருவுக்கு யார் யார் வருகிறீர்கள்?" வண்டி ஓட்டுகிறவர், பெருக்குகிறவர், கழிவுநீர் அடைப்பு எடுக்கிறவர் என்று பெயர்கள் கிடைக்கும். அதன்படி உறைகளில் பெயர் எழுதிக் கொடுத்தால் குழப்பம் வராது. பெயர் எழுதிய உறையை வாங்கும்போது அவர்கள் முகம் மலர்வதை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். "ஏம்மா", "இந்தாப்பா" என்று மட்டுமே அழைக்கப்படுகிறவர்கள் அவர்கள்.

இனாமைவிடப் பெரிய உதவி ஒன்று இருக்கிறது. தீபாவளிக்கு மறுநாள் அவர்களுக்கு ஆண்டிலேயே கடினமான நாள். ஐப்பசி மழையில் ஊறிய பட்டாசுக் காகிதத்தை வாரி எடுப்பது எவ்வளவு வேலை என்று ஒருமுறை செய்து பார்த்தால் தெரியும். இரவே உங்கள் வாசலைப் பெருக்கி, வெடிக்காமல் போனவற்றின் மீது நன்றாகத் தண்ணீர் ஊற்றி, தனிச் சாக்கில் கட்டி வையுங்கள். சமையல் குப்பையோடு சேர்க்காதீர்கள். சென்னை மாநகராட்சி பட்டாசுக் கழிவைத் தனியே சேகரித்து, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயகரமான கழிவுகளைக் கையாளும் மையத்துக்கு அனுப்புகிறது. கம்பி மத்தாப்பின் கம்பிகள் கையைக் கிழிக்கும். அவற்றைத் தனியே ஒரு டப்பாவில் போடுங்கள்.

பலகாரப் பையைக் கேட்டில் மாட்டிவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டார்களா? நான் அலுவலகம் போகும் நேரத்தில்தான் வருகிறார்கள்.

எடுத்துக்கொள்வார்கள். ஆனாலும் அப்படிச் செய்ய வேண்டாம். தொடாமல் கொடுப்பது, தூரத்தில் வைத்துவிட்டு நகர்வது, தனிப் பாத்திரத்தில் போடுவது இவையெல்லாம் நம் ஊரில் என்ன பொருளோடு நடந்தன, இன்னும் சில இடங்களில் நடக்கின்றன என்பது நமக்குத் தெரியும். உங்கள் மனத்தில் அப்படி எதுவும் இல்லாமலிருக்கலாம். வாங்குகிறவருக்கு அது எப்படித் தெரியும்? பத்து நிமிடம் முன்னதாகத் தயாராகி, கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்புங்கள். உறவினருக்கு எந்தப் பெட்டியில் கொடுக்கிறீர்களோ அதே பெட்டியில் கொடுங்கள்.

போஸ்ட்மேன், மின்வாரிய லைன்மேன் எல்லாரும் வருகிறார்கள். அரசு ஊழியருக்குப் பணம் கொடுக்கலாமா?

பணம் வேண்டாம். உங்கள் மனு, இணைப்பு, வரி, சான்றிதழ் என ஏதாவது ஒன்றைத் தீர்மானிக்கும் இடத்தில் இருப்பவருக்குப் பண்டிகையின் பெயரால் எதுவுமே கொடுக்காதீர்கள். தீபாவளியை ஒட்டி லஞ்ச ஒழிப்புத் துறை அரசு அலுவலகங்களில் சோதனை போடுவது காரணமில்லாமல் இல்லை. மழையில் தபால் கொண்டு வருகிறவரை உட்கார வைத்து, ஒரு தட்டில் பலகாரமும் காபியும் கொடுப்பது தாராளமாகச் செய்யக்கூடியது. அவர் பெயரைக் குறிப்பிட்டு அவருடைய மேலதிகாரிக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுதினால் அது பணத்தைவிட நாள்பட நிற்கும்.

தூய்மைப் பணியாளருக்குச் சேர்த்துக் கொடுப்பதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவரிடம் நம் காரியம் எதுவும் கையெழுத்துக்காகக் காத்திருக்கவில்லை.

எங்கள் வாட்ச்மேன் நேபாளத்துக்காரர். எதிரில் கட்டட வேலை செய்கிறவர்கள் பீகார்க்காரர்கள். அவர்களுக்கு நம் தீபாவளி உண்டா?

உண்டு, நாளும் முறையும் கொஞ்சம் வேறு. நமக்கு நரக சதுர்த்தசி விடியலில் எண்ணெய்க் குளியல். அவர்களுக்கு அமாவாசை மாலையில் விளக்கும் லட்சுமி பூஜையும். சில ஆண்டுகளில் இரண்டும் ஒரே நாளில் வரும், சில ஆண்டுகளில் அவர்களுடையது மறுநாள் வரும். பீகார்க்காரர்களுக்குத் தீபாவளியைவிடப் பெரியது அதற்கு ஆறாம் நாள் வரும் சட் பூஜை. நேபாளிகளுக்குத் தீபாவளி என்பது ஐந்து நாள் திகார். எந்த நாளில் விடுப்பு வேண்டும், எப்போது வீட்டுக்குப் பேச வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தீபாவளியன்று மெஸ்ஸும் சிறிய ஹோட்டல்களும் மூடியிருக்கும். கையில் நாலு பெட்டி இனிப்பும், வயிற்றுக்குச் சோறில்லாமலும் ஒரு பகல் முழுவதும் கேட்டில் உட்கார்ந்திருப்பார் வாட்ச்மேன். அன்று மதியம் சுடச்சுட ஒரு சாப்பாடு அவருக்குப் பெரிய விஷயம். எங்கள் குடியிருப்பில் காலை, மதியம், இரவு என்று மூன்று வீடுகள் பிரித்துக்கொள்கின்றன. விடுதியில் தங்கிவிட்ட மாணவர்களுக்கும் இதே சிரமம்தான். அவர்களை வீட்டுக்கே அழைத்துவிடலாம்.

பக்கத்து வீட்டில் பெரியவர் தவறி ஆறு மாதம் ஆகிறது. இந்த வருடம் அவர்களுக்குப் பண்டிகை கிடையாது. பலகாரம் கொண்டுபோனால் தப்பாக நினைப்பார்களா?

பெரும்பாலான குடும்பங்களில் நினைக்க மாட்டார்கள். துக்கம் நடந்த வீட்டில் அந்த ஆண்டு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள் என்பதால்தான் உறவும் அக்கம்பக்கமும் கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கமே வந்தது. குடும்பத்துக்குக் குடும்பம் முறை மாறும். ஆகவே இரண்டு நாள் முன்பு அந்த வீட்டு மூத்தவரிடம், "பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பலகாரம் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். வாழ்த்துச் சொல்ல வேண்டாம். உட்கார்ந்து, போனவரைப் பற்றிப் பேசுங்கள். போன தீபாவளியில் அவர் என்ன செய்தார் என்று அவர்கள் சொல்லத் தொடங்கினால் பேச்சை மாற்றாமல் கேளுங்கள்.

பாத்திரத்தில் கொண்டுபோகாதீர்கள். நம் வீடுகளில் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள், சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். இந்த ஆண்டு அவர்களால் பலகாரம் வைத்துத் தர முடியாது, அது அவர்களை உறுத்தும். திருப்பித் தர வேண்டாத காகிதப் பெட்டி போதும்.

அந்த வீட்டுச் சிறு பிள்ளைகளைப் பற்றி யோசியுங்கள். தாய் சம்மதித்தால் மாலையில் உங்கள் பிள்ளைகளோடு மத்தாப்பு கொளுத்த அழைத்து வரலாம். கணவரை இழந்த பெண் அந்த வீட்டில் இருந்தால் அவரைக் கண்டிப்பாகப் போய்ப் பாருங்கள். நல்ல நாளில் எதிர்ப்படக் கூடாது என்று அவரை ஒதுக்குவது கொடுமை. அதற்கு நாம் ஒருநாளும் துணை போகக் கூடாது.

கீழ்வீட்டில் முஸ்லிம் குடும்பம். ரம்ஜானுக்கு அவர்கள் பிரியாணி தருகிறார்கள். நம் பலகாரத்தைச் சாப்பிடுவார்களா என்று தயக்கமாக இருக்கிறது.

கடலை மாவிலும் நெய்யிலும் சர்க்கரையிலும் அவர்களுக்கு ஒரு தடையும் இல்லை. சாமிக்குப் படைத்ததைச் சிலர் உண்ண மாட்டார்கள், அவ்வளவுதான். படைப்பதற்கு முன்பே அவர்கள் பங்கைத் தனியே எடுத்து வைத்து, "இது படையலில் வைக்காதது" என்று சொல்லிக் கொடுங்கள். அவர்கள் கேட்கத் தயங்குவதை நீங்களே சொல்லிவிட்டால் மனம் நிறைந்து வாங்கிக்கொள்வார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இதே முறை பொருந்தும்.

மேல்மாடிப் பாட்டி தனியாக இருக்கிறார். கூப்பிட்டால் "எனக்கு எதற்குப்பா தீபாவளி?" என்கிறார்.

அழைப்பதை விட்டுவிட்டு நீங்களே போங்கள். விடியற்காலையில் வெந்நீர் போட்டுக் கொடுத்து, தலையில் ஒரு கை எண்ணெய் வைக்க வீட்டுப் பெண் ஒருவர் போனாலே போதும். தீபாவளி லேகியம் எப்படிக் கிளற வேண்டும் என்று அவரிடம் கேட்டால் அவரே அடுப்படிக்கு வந்துவிடுவார். வெளிநாட்டில் இருக்கும் மகனோடு வீடியோவில் பேச வைப்பதற்கு உங்கள் பிள்ளையை அனுப்புங்கள். சர்க்கரை நோய் இருந்தால் இனிப்பைக் குறைத்துக் காரம் கொண்டுபோங்கள்.

தீபாவளியன்று குழந்தைகள் இல்லத்தில் சாப்பாடு போட்டு, பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்ள ஆசை. எப்படி ஏற்பாடு செய்வது?

முதலில் இல்லத்துக்குப் போன் செய்து, அன்று வேறு யாராவது போடுகிறார்களா என்று கேளுங்கள். தீபாவளிக்கும் பிறந்தநாள் கூட்டத்துக்கும் நடுவில் அந்தக் குழந்தைகள் ஒரே நாளில் மூன்று விருந்து உண்டுவிட்டு, அடுத்த வாரம் யாரும் வராமல் இருப்பார்கள். கார்த்திகையில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமைச் சாப்பாட்டை ஏற்றுக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு என்றே செய்ய வேண்டுமானால் அளவு கேட்டுப் புதுத்துணி எடுத்துக் கொடுக்கலாம். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சீருடை போல வேண்டாம்.

படம் எடுக்காதீர்கள். பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை எந்த ஊடகத்திலும் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு பொட்டலத்தை வாங்கும் நொடியில் தன் முகம் ஊருக்குத் தெரிய வேண்டும் என்று எந்தக் குழந்தை விரும்பும்?

பட்டாசு வெடிக்காமல் இருப்பதும் உதவிக் கணக்கில் சேருமா? பிள்ளைகள் ஏங்கிப்போவார்களே.

முழுவதும் நிறுத்தச் சொல்லவில்லை. சிவகாசியில் அந்தத் தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஆனால் எப்போது, எங்கே என்பதில் உதவி இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும் மாலை 7 முதல் 8 வரையும்தான் நேரம். மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. உங்கள் தெருவில் கைக்குழந்தை, இதய நோயாளி, அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர் யாராவது இருந்தால் அவர்கள் வீட்டு ஜன்னலுக்குக் கீழே மத்தாப்பும் பூச்சட்டியும் மட்டும் போதும். அவர்களுக்கு முன்கூட்டியே, "இந்த நேரத்தில்தான் வெடிப்போம்" என்று சொல்லிவிடுங்கள்.

தெரு நாய்களுக்கு அன்று கார் நிறுத்துமிடத்தைத் திறந்து விட்டு, ஒரு சட்டியில் தண்ணீர் வையுங்கள். மேலே சொன்ன நேபாளத்துத் திகாரில் இரண்டாம் நாள் நாய்களுக்கு மாலை போட்டுப் பொட்டு வைக்கிறார்கள். அது நம் தீபாவளி விடியும் அதே சதுர்த்தசி நாள். இதைச் சொன்ன பிறகு எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் நாய்களுக்கு அருகில் வெடி வைப்பதில்லை.

கொடுத்த பணத்தை அவர் குடித்துத் தீர்த்துவிடுவார் என்று தெரியும். அப்போதும் கொடுக்க வேண்டுமா?

போனஸ் என்றால் கொடுக்க வேண்டும். அது அவர் உழைத்த பணம். செலவைக் கண்காணிக்கும் உரிமை நமக்கு இல்லை. இனாம் என்றால், குடும்பம் அருகில் இருக்கும்போது பாதியைப் பிள்ளைகளின் துணியாகவோ, முன்பு சொன்ன மளிகையாகவோ கொடுக்கலாம். அவர் முன்னிலையில் இதைப் பற்றி உபதேசம் செய்ய வேண்டாம்.

இந்த வருடம் எனக்கே வேலை இல்லை. போன வருடம் கொடுத்ததைப் பாதியாகக் குறைத்தால் கேவலமாக இருக்காதா?

இருக்காது. நிலைமையை நேரில், முன்கூட்டியே சொல்லுங்கள். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு தெரிந்தால் அவர் போட்ட கணக்கு இடிந்துவிடும். விடுமுறை கொடுக்கக் கூடுதல் பணம் வேண்டியதில்லை. வாசலைப் பெருக்கி வைக்கவும், துக்க வீட்டில் போய் உட்காரவும், பாட்டிக்கு வெந்நீர் போடவும் பணம் வேண்டாம்.

இதையெல்லாம் இப்போதுதான் படிக்கிறேன். தீபாவளி போன வாரமே முடிந்துவிட்டது.

இன்றே கொடுங்கள். பண்டிகைக்கு வாங்கிய கடன் இன்னும் அவர் தலையில் இருக்கும்; வட்டி ஒரு மாதம் குறையும். பொங்கலோடு சேர்த்துத் தருகிறேன் என்று தள்ளிப்போடாதீர்கள். பொங்கலுக்கு அவருக்கு வேறு செலவு இருக்கிறது.